கேசட்டில் இருக்கும் தாத்தாவின் குரலை மீட்க யூஎஸ்பி பிளேயர் போதுமா?

கேசட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றித் தரும் கையடக்க யூஎஸ்பி பிளேயர்கள் இணையத்தில் பல பெயர்களில் கிடைக்கின்றன. பழைய வாக்மேன் அளவுதான் இருக்கும். கேசட்டைப் போட்டு, கம்பியைக் கணினியில் செருகினால் வேலை ஆரம்பம். பாட்டு கேசட்டுகளுக்காக இதை வாங்கியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். காலமான ஒருவரின் பேச்சை மீட்க இது உதவுமா என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எனக்கு அதற்காகத்தான் தேவைப்பட்டது. எங்கள் தாத்தா போன பிறகு, ஆளுக்கொரு திசையில் இருக்கும் குடும்பம் முழுவதும் ஒரு நாள் கூடி அவரை நினைவுகூர்வது என்று முடிவானது. அன்றைக்கு அவர் குரல் அங்கே ஒலிக்க வேண்டும் என்று பெரியப்பா ஆசைப்பட்டார். பேரப்பிள்ளைகளில் கணினி வேலை தெரிந்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துப் பெயர் எழுதி வைக்க இந்தக் கருவி போதும். குடும்பம் காலத்துக்கும் வைத்துக்கொள்ளப் போகும் பதிவை எடுக்கப் போதாது. ஐந்துக்கு இரண்டு தருவேன். அதோடு பயன்படுத்திய, ஒலியைப் பதிந்து திருத்த உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளுக்குத் தயங்காமல் ஐந்துக்கு ஐந்து.

கேசட்டுகள் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெரியப்பா வேலைக்காக வெகுதூரம் போயிருந்த காலத்தில் தொலைபேசியில் பேசுவது அபூர்வம். தாத்தா டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி, கேசட்டைத் தபாலில் அனுப்புவார். பெரியப்பா ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை, ஒன்றின் மேலும் பாட்டுப் பதியவில்லை. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஆனால் அவற்றைப் போட்டுக் கேட்க அவரிடம் எந்தக் கருவியும் மிச்சமில்லை. பல வருடங்களாக அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவாராம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் அறிமுகப்படுத்திய அதே கேசட்தான் இது. உள்ளே ஓடும் நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, 3.81 மி.மீ. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். சி-60 என்று போட்டிருந்தால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. சி-90 கேசட்டில் அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடங்க வேண்டும் என்பதால் நாடா மெல்லியது. சி-60ல் சுமார் 18 மைக்ரான் இருப்பது இதில் சுமார் 12 மைக்ரான்தான். நீண்ட காலம் சும்மா கிடந்த மெல்லிய நாடா எளிதில் சிக்கும், நீளும். தாத்தா பேசியவற்றில் பெரும்பாலானவை சி-90. சொல்ல அவருக்கு நிறைய இருந்திருக்கிறது.

அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் கேசட்டை உடனே உள்ளே போட்டுவிடாதீர்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் எந்த ரெக்கார்டரிலும் தவறுதலாகக்கூட மேலெழுதிப் பதிய முடியாது. யாராவது பழைய டேப்ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் அந்த இடத்தில் இருந்த பேச்சு போனது போனதுதான். அப்புறம் நாடாவுக்குப் பின்னால், நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். அதுதான், நாடாவில் பதிந்த ஒலியைப் படிக்கும் ஒலித்தலையோடு நாடாவை ஒட்டி அழுத்திப் பிடிப்பது. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் மங்கலாகக் கேட்கும். எங்கள் பெட்டியில் ஒரு கேசட்டுக்கு அப்படி ஆகியிருந்தது. திருகாணி வைத்த கூடு என்பதால் திறந்து, நாடாச் சுருளை அப்படியே வேறொரு நல்ல கூட்டுக்குள் வைத்து மூடினேன். ஒட்டி மூடிய கூடாக இருந்தால் பழக்கப்பட்டவர்களிடம் கொடுப்பது நல்லது. கடைசியாக, பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சில சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் மட்டும் கருவியில் போட்டு, ஒரு முறை முழுதாக முன்னே ஓட்டி, முழுதாகப் பின்னே ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு கேளுங்கள்.

சரி, கருவிக்கு வருகிறேன். பெட்டியைப் பிரித்ததும் பயன்படுத்த எளிதாக இருந்தது. கணினி அதை ஒரு ஒலி உள்ளீடாகத் தானே அடையாளம் கண்டுகொண்டது, தனி மென்பொருள் எதையும் கேட்கவில்லை. ஆடாசிட்டியில் அதைத் தேர்ந்தெடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறது. கையில் எடுத்துப் போகலாம் என்பது பெரிய வசதி. பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் கேட்டு, எந்த வருடம், யாரைப் பற்றிய பேச்சு என்று அவர் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதினேன். இந்த ஒரு வேலைக்காக நான் கருவியைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் கேசட்டே "பேசுறது கேக்குதா?" என்றுதான் ஆரம்பித்தது. தாத்தாவின் எல்லா கேசட்டும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. மைக்கை விரலால் ஒரு தட்டு, ஒரு கனைப்பு, அப்புறம் இந்தக் கேள்வி. அதன் பிறகு அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வார். அத்தை படித்துக்கொண்டிருக்கிறாள், தம்பி விளையாடப் போயிருக்கிறான், "உங்கம்மா பக்கத்துலதான் இருக்கா, பேச மாட்டேங்கிறா". தூரத்திலிருந்து பாட்டியின் குரல் வரும்: "நீங்களே பேசுங்க". பாட்டிக்கு அப்போது என் வயதுதான் இருக்கும்.

இந்தப் பகுதியைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டியபோதுதான் கருவியின் பெரிய குறை வெளியே வந்தது. பாட்டி கேட்டார், கண் கலங்கினார், கொஞ்ச நேரம் கழித்து, "அவரு மாதிரிதான் இருக்கு, ஆனா அவரு குரல் இல்லையே, யாரோ வயசுப் பையன் பேசுற மாதிரி இருக்கு" என்றார். இளம் வயதுப் பேச்சு என்பதால் அப்படித் தோன்றுகிறது என்று அப்பா சமாதானம் சொன்னார். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வயதில் அவரை அதிகம் உடனிருந்து கேட்டவர் பாட்டிதானே. நான் அவர் காதைத்தான் நம்பினேன்.

குரல் மாறிக் கேட்பதற்கு முதல் காரணம் வேகம். நாடா கொஞ்சம் வேகமாக ஓடினால் பேச்சு விரைவாவதோடு குரலும் மேலே ஏறும். இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க அழகான ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்து டேப்ரெக்கார்டரை மின்சாரத்தில் போட்டுப் பதிந்திருந்தால், பேச்சுக்கு அடியில் மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரமும் பதிவாகியிருக்கும். அதன் அதிர்வெண் நாட்டைப் பொறுத்து 50 ஹெர்ட்ஸ் அல்லது 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளிலும் கேட்கும். ஆடாசிட்டியில் பேச்சில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' என்ற அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து, அளவை 65536 என்று வைத்தால், எந்த அதிர்வெண்ணில் முகடு நிற்கிறது என்று தெளிவாகத் தெரியும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்றைய ரீங்காரமும் சேர்ந்து குழப்பும்.

50ல் நிற்க வேண்டிய முகடு 52ல் நின்றது. 100ல் இருக்க வேண்டியது 104ல். அதாவது 4 சதவீதம் வேகம். எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது. 45 நிமிடப் பக்கம் ஒன்றே முக்கால் நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். தெரியாதவர் குரலாக இருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

குற்றம் பதிந்த ரெக்கார்டருடையதா, புதுக் கருவியுடையதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கும் வழி எளிது. கடையில் விற்ற ஏதாவது பாட்டு கேசட்டைக் கருவியில் போட்டு, ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்து, அதே பாட்டு இணையத்தில் எவ்வளவு நேரம் என்று ஒப்பிட்டேன். கருவியில் சீக்கிரம் முடிந்தது. அதோடு வேகம் ஒரே சீராகவும் இல்லை. நீட்டி இழுத்துப் பாடும் இடங்களில் குரல் லேசாக ஆடியது. வேகம் ஒரே அளவில் கூடியிருந்தால் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆடிக்கொண்டே இருப்பதை வீட்டில் சரிசெய்வது நடக்காத காரியம். ஐந்துக்கு இரண்டு என்று நான் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம். உள்ளே இருக்கும் மோட்டார் சின்னது, நாடாவைச் சீராக இழுக்கும் சக்கரம் எடையே இல்லாதது. விலைக்கும் அளவுக்கும் அவ்வளவுதான் வைக்க முடியும் என்பது புரிகிறது. ஆனால் பெட்டியின் மேல் 'நினைவுகளை என்றென்றும் பாதுகாக்க' என்கிற பாணியில் எழுதி விற்கும்போது, வாங்குபவர் எந்த நினைவை எடுத்துக்கொண்டு வருவார் என்றும் விற்பவர் யோசித்திருக்க வேண்டும்.

அத்தை மகன் வீட்டில் ஒரு பெரிய பழைய டேப் டெக் பரணில் இருந்தது. அதை இறக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒலித்தலையையும் நாடாவை இழுக்கும் கம்பியையும் துடைத்து, இரண்டு ரப்பர் பெல்ட்டைப் பழுதுபார்ப்பவரிடம் மாற்றி வாங்கினோம். இதற்கான செலவும் அலைச்சலும் யூஎஸ்பி பிளேயரை விட அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குக் கொடுத்தோம். மடிக்கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருக வேண்டாம். அது மைக்கின் மெல்லிய சமிக்ஞைக்கானது, குரல் உடைந்து பதியும்.

அதே கேசட்டை அதில் போட்டதும் ரீங்காரத்தின் முகடு 50ஐ ஒட்டி வந்து நின்றது. பாட்டிக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். இந்த முறை அவர் குரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இருமல் அப்பவே இருந்திருக்கு பாரு" என்றார்.

ஒரு கேசட் மட்டும் டெக்கிலும் சரியாக வரவில்லை. பேட்டரியில் போட்டுப் பதிந்தது போலிருக்கிறது. பேட்டரி தீரத் தீர ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும், அதைச் சரியான வேகத்தில் போட்டால் பேச்சு போகப் போக வேகமாகும். பேட்டரியில் பதிந்ததால் மின்சார ரீங்காரமும் கிடையாது, அளவுகோலுக்கு எதுவும் இல்லை. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகங்களில் வைத்துப் பாட்டியையே கேட்கச் சொன்னேன். பாட்டி தலையாட்டிய வேகம்தான் எங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வ வேகம். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்ற ஒன்றுக்கு மேல் வசதிகள் இருக்கின்றன. 'சேஞ்ச் டெம்போ' என்பது குரலின் உயரத்தை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். நமக்கு வேண்டியது வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றுவது. 52ஐ 50 ஆக்க வேண்டுமானால் மைனஸ் 3.85 சதவீதம்.

ஆடாசிட்டியைப் பற்றி மனதாரச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 2000ல் முதல் பதிப்பு வெளிவந்த, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள். இத்தனை நுணுக்கமான வேலையை இவ்வளவு பேருக்குக் கையெட்டும்படி செய்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இது இல்லாமல் ரீங்காரத்தை அளந்திருக்க முடியாது. இன்னொரு பெரிய உதவியும் கிடைத்தது. வீட்டு டேப்ரெக்கார்டரில் ஒற்றை மைக்கில் பதிந்ததை ஸ்டீரியோ டெக்கில் போடும்போது இடது, வலது இரண்டிலும் ஒரே குரல்தான் வரும். ஆனால் ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கலாம். இரண்டையும் கலந்தால் ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகள் மழுங்கிப்போகும். பிரித்து, தெளிவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். 'மகனே' என்று மட்டும் கேட்ட இடத்தில் அதற்கு முன்னால் அவர் சொல்லியிருந்த 'சின்ன' என்ற வார்த்தையும் அப்போதுதான் தெரிந்தது. அப்பாவைத்தான் அவர் அங்கே கூப்பிட்டிருக்கிறார். கேசட் பெரியப்பாவுக்கு என்றாலும் நடுவில் அறைக்குள் வந்த சின்ன மகனிடம் பேசியிருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இரைச்சலை நீக்கும் விஷயத்தில் வீட்டில் கருத்து வேறுபாடு வந்தது. ஆடாசிட்டியின் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியில், பேச்சில்லாத இடத்தை முதலில் தேர்ந்தெடுத்து இதுதான் இரைச்சல் என்று கற்றுக்கொடுத்து, பிறகு முழுப் பதிவிலும் அதைக் குறைக்கச் சொல்லலாம். எத்தனை டெசிபெல் குறைக்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். சித்தப்பா, வானொலியில் பேசுவது போலச் சுத்தமாக வேண்டும் என்றார். அதிகம் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிறது, சொற்களின் கடைசி எழுத்துகளும் கரைகின்றன. இந்த நுட்பக் காரணத்தை அவர் ஏற்றுக்கொண்டார். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் கால டேப்ரெக்கார்டர்கள் ஒலியளவைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆள் பேசும்போது குறைத்துக்கொண்டு, பேச்சு நின்றதும் மெல்ல ஏற்றிவிடும். அதனால் தாத்தா யோசிக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அறை உள்ளே வருகிறது. சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக், நாற்காலி முனகுவது, யாரோ பாத்திரத்தை வைக்கும் ஓசை. அடுத்த வார்த்தை வந்ததும் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. அந்த வீடு இன்று இல்லை. அதன் ஓசைகள் இரைச்சல் கணக்கில் போவதில் எனக்குச் சம்மதமில்லை. கடைசியில் 6 டெசிபெல் மட்டும் குறைத்தோம். நாடாவின் சீறல் அடங்கியது, கடிகாரம் பிழைத்தது. கனைப்பிலும் இருமலிலும் யாரையும் கைவைக்க விடவில்லை.

இனி அன்றைய கூட்டத்தைப் பற்றி. இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி உதவலாம்.

முழு கேசட்டைப் போடாதீர்கள். ஆளுக்கொரு ஆசை இருக்கும், ஆனால் துக்கத்தில் இருப்பவர்களால் நீளமான பதிவை எல்லோர் முன்னாலும் கேட்க முடியாது. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம் ஓடும் சில துண்டுகள் போதும். எவை என்று பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள். வெளியே போகவே கூடாது என்று பாட்டி சொன்ன ஒரு பகுதி இருந்தது, அது அவர்கள் இருவருக்கும் மட்டுமானது. அதை எந்தத் துண்டிலும் சேர்க்கவில்லை. அதே போல, நெருங்கியவர்கள் முதல் முறையாகக் கேட்பது கூட்டத்தின் நடுவில் நடக்கக் கூடாது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் முதல் நாள் இரவே தனியாகப் போட்டுக் காட்டினேன். அத்தை அப்போதே அழுது தீர்த்ததால்தான் மறுநாள் எழுந்து நின்று பேச முடிந்தது என்று அவரே சொன்னார்.

ஒலிபெருக்கிக்கு ப்ளூடூத் வேண்டாம். சத்தம் இல்லாத நேரத்தில் அவற்றில் பல தூங்கிவிடும், மறுபடி விழிக்கும்போது முதல் சொல்லை விழுங்கிவிடும். எங்களுக்கு முதல் சொல்தான் முக்கியம். கம்பியில் இணைத்த ஒரே ஒலிபெருக்கியை, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில், தாத்தாவின் படம் இருந்த மேசையிலேயே வைத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நாடாவின் சீறலைச் சில நொடிகள் வெட்டாமல் விட்டிருந்தேன். அந்த 'ஸ்ஸ்' கேட்டதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாங்களே அமைதியானார்கள். குழந்தைகள்கூட.

வர முடியாதவர்கள் ஜூமில் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் போடுவதை மைக் வழியாக அவர்களுக்குக் கேட்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஜூம் பின்னணி இரைச்சலை அடக்கும் மென்பொருள், பழைய கேசட் ஒலியையும் அது இரைச்சலாக எடுத்துக்கொள்ளலாம். திரையைப் பகிரும்போது 'ஷேர் சவுண்ட்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் கணினியின் ஒலி நேராக அவர்களுக்குப் போகும். இன்னொன்று, இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் பேச்சு நடுவில் அறுபடக் கூடாது என்பதால் அன்றைக்கு மட்டும் கட்டணக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

மைக்கில் ஒரு தட்டு, கனைப்பு, "பேசுறது கேக்குதா?" என்று தாத்தாவின் குரல் வந்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியப்பா தன்னை மறந்து, "கேக்குதுப்பா" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. நான் பதிவை நிறுத்தவில்லை. அறையில் இருப்பவர்களின் பெயர்களைத் தாத்தா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பெயர் வரும்போதெல்லாம் அந்தந்தப் பிள்ளை தலை நிமிர்ந்தது. எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள், சிலர் தாண்டியவர்கள். "நீங்களே பேசுங்க" என்று பாட்டியின் இளங்குரல் வந்ததும் கூட்டம் முழுவதும் சிரித்தது, பாட்டியும் சிரித்தார். அந்த நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

குரலை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து இருக்கிறது. கடைசியில் வைக்க வேண்டாம், நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அழுகையோடு எல்லோரும் கலைந்துபோவார்கள். நடுவில் வைத்ததால், அதுவரை தயாரித்துவந்த பேச்சைத் தாளைப் பார்த்துப் படித்தவர்கள் போய், தாள் இல்லாதவர்கள் எழுந்தார்கள். பேசவே மாட்டேன் என்றிருந்த பெரியப்பா மகள், தாத்தா தனக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். பதிவில் கேட்ட அதே கடிகாரம்தான். அப்பா, தன்னைக் கூப்பிட்ட அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினார். நான் பிறந்ததிலிருந்து அவர் தன் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

கடைசியாகக் கோப்புகள். மூலப் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. ஸ்டீரியோவில் 45 நிமிடத்துக்கு ஏறக்குறைய 780 எம்பி ஆகும். எந்தத் திருத்தமும் செய்யாத பதிவை முதலில் தனியாகச் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் வேகம் திருத்துவது, இரைச்சல் குறைப்பது எல்லாம். நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் பேரனின் பிள்ளைகள் மூலத்திலிருந்தே தொடங்கலாம். உறவினர்களுக்கு எம்பி3 போதும். ஒரு பிரதி பெரியப்பாவிடம், ஒன்று அத்தையிடம், ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். கோப்பின் பெயரிலேயே வருடமும் யாருக்குப் பேசியது என்பதும் இருக்கிறது. பாட்டி தனியாக வைக்கச் சொன்ன பகுதி அவருடைய கைபேசியில் மட்டும் இருக்கிறது.

கேசட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. முழுதாகச் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, வெயிலும் ஒலிபெருக்கிக் காந்தமும் அண்டாத அலமாரியில் பெரியப்பா வைத்திருக்கிறார். டெக்கை அத்தை மகன் திருப்பிக் கேட்கவில்லை. அம்மா வழித் தாத்தாவின் கேசட்டுகள் சில மாமா வீட்டில் இருப்பதாகத் தெரிந்து அவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். யூஎஸ்பி பிளேயரை அவருக்கு அனுப்பிவிட்டேன், எதில் என்ன இருக்கிறது என்று கேட்டு அவர் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.